என்ரோல்டு ஏஜென்ட் பயிற்சி: பார்ட்னர்ஷிப் பாடத்துக்காகச் சேரலாம்

தமிழ்நாட்டில் பி.காம். முடித்துவிட்டு அமெரிக்கா வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வேலை தேடியவள் நான். சிபிஏ எனும் அமெரிக்கக் கணக்காளர் உரிமத் தேர்வுக்கு என் படிப்பு போதாது என்றார்கள். என்ரோல்டு ஏஜென்ட் (வரிசெலுத்துபவர்கள் சார்பில் வரித்துறையிடம் பேச உரிமம் பெற்றவர்) ஆகப் பட்டமே வேண்டாம், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் மூன்று தேர்வுகளில் தேறினால் போதும் என்று கேள்விப்பட்டு, ஓர் இணையவழிப் பயிற்சியில் பணம் கட்டினேன். பதினோரு மாதம் படித்தேன். குறையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நிறை. இரண்டாம் தேர்வு தொழில் நிறுவனங்களின் வரி பற்றியது. அதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் பார்ட்னர்ஷிப் பேசிஸ். பேசிஸ் என்றால் ஒரு சொத்துக்கோ பங்குக்கோ வரிக் கணக்கில் வைக்கும் முதலீட்டு மதிப்பு. அந்தப் பாடத்தை நடத்தியவர் சூத்திரத்தைக் கடைசியில்தான் சொன்னார். முதலில் ஒரு கதை: ஒருவர் 20,000 டாலர் பேசிஸ் உள்ள நிலத்தைக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். நிலத்தின் மேல் 12,000 டாலர் கடன் இருக்கிறது. கடனை நிறுவனம் ஏற்கிறது. அவர் பாதிப் பங்குதாரர் என்பதால் அதில் 6,000 மறுபடியும் அவர் தலையில்தான் விழுகிறது. ஆக, தோளிலிருந்து உண்மையில் இறங்கியது 6,000 மட்டும்; அதை 20,000-இல் கழித்தால், நிறுவனத்தில் அவர் பங்கின் பேசிஸ் 14,000. கடன் குறைந்தால் கையில் காசு வந்ததாகவே கணக்கு என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். நிலத்தின் சந்தை விலையை ஆசிரியர் வேண்டுமென்றே பலகையில் எழுதி, இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை என்று பிறகு அழித்தார். தேர்வில் அதே பொறியை வைத்திருந்தார்கள், நான் சிக்கவில்லை. அந்த ஆசிரியருக்கு என் வணக்கம்.

தனிநபர் வரிப் பாடம் சுமார். திரையில் இருப்பதை அப்படியே வாசித்தார்கள். கேள்வித் தொகுப்பில்தான் கோபம் வந்தது. 2025 மே முதல் நடந்த தேர்வுகளுக்கு 2024ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடிப்படை. தனிநபருக்கான நிலையான கழிவு 14,600 டாலர். இவர்களுடைய தொகுப்பில் ஜூன் மாதத்திலும் பழைய 13,850 இருந்தது. எழுதிக் கேட்டேன், மூன்று வாரம் கழித்துத் திருத்தினார்கள். அதற்குள் தேர்வு எழுதிவிட்டவர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மூன்றாம் தேர்வுக்கு, ஐஆர்எஸ் முன் பிறருக்காக நிற்பவர்களுக்கான விதித் தொகுப்பான சர்குலர் 230ஐ ஐஆர்எஸ் தளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து இரண்டு முறை படித்தேன். பாடக் காணொளிகள் அதைவிட எதுவும் கூடுதலாகச் சொல்லவில்லை.

'வேலை உதவி' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வந்தவை எல்லாம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வரிப் படிவம் தாக்கல் செய்யும் காலத்துக்கு மட்டுமான பருவ வேலைகள். அவற்றுக்கு இந்தத் தேர்வே தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு வரிப் படிவம் தயாரிக்க, கூட்டாட்சி விதிப்படி, வரிப் படிவம் தயாரிப்பவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் பிடின் (PTIN) எண் போதும். தயாரிப்பாளர்கள் அனைவருக்கும் தேர்வைக் கட்டாயமாக்க ஐஆர்எஸ் கொண்டுவந்த விதி செல்லாது என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்ரோல்டு ஏஜென்ட்டின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தணிக்கையோ, வரி பாக்கி வசூலோ, மேல்முறையீடோ, எந்த வரிசெலுத்துபவருக்காகவும் ஐஆர்எஸ் முன் நிற்கலாம்; எந்த மாநிலத்தில் இருந்தாலும் அந்த உரிமை உண்டு. நோட்டீஸ் வந்து நடுங்குகிறவர்களுக்குப் பதில் எழுதும் வேலை ஏப்ரலோடு முடிவதில்லை. அப்படிப்பட்ட அலுவலகங்களின் விவரம் ஒன்றுகூட இவர்களிடமிருந்து வரவில்லை.

நானே தேடிப் போன ஓர் அலுவலகத்தில் நேர்காணல் நன்றாகவே நடந்தது. கடைசியில் என்ரோல்மென்ட் எண்ணைக் கேட்டார்கள். நான் தேர்ச்சித் தாளை நீட்டினேன். "இது தேர்வு முடிவுதானே அம்மா, படிவம் 23 அனுப்பவில்லையா?" என்று அந்த மூத்த அதிகாரி மெதுவாகக் கேட்டார். தேறிய ஓராண்டுக்குள் அந்தப் படிவத்தைக் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். நம் சொந்த வரிக் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று ஐஆர்எஸ் பார்க்கும். அதன் பிறகுதான் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ளலாம். பதினோரு மாதப் பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நல்ல வேளை, எனக்கு இன்னும் நான்கு மாதம் மிச்சம் இருந்தது. அன்று மாலையே விண்ணப்பித்தேன்.

பகுதி பகுதியாக விற்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: இரண்டாம் தேர்வுக்கான பகுதியை மட்டும் வாங்குங்கள். பணம் கட்டும் முன், கேள்விகள் எந்த ஆண்டுச் சட்டப்படி இருக்கின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.