பெரியப்பாவின் டாகுமார் லென்ஸும் நானும்: ஆறு வருட அனுபவம்

எழுபதுகளில் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து ஓர் அசாஹி பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் கேமரா வாங்கி வந்தார். அவருக்குப் பிறகு அது பீரோவிலேயே கிடந்தது. கேமராவின் ஒளி மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் அதில் திருகியிருந்த சூப்பர் டாகுமார் 50 மிமீ எஃப் 1.4 லென்ஸின் ஃபோகஸ் வளையம் எங்கும் தட்டாமல், பிடிக்காமல், அப்படியே சுழன்றது. அதைக் கழற்றி என் சோனி ஏ7 மார்க் 2 டிஜிட்டல் கேமராவில் மாட்டி ஆறு வருடமாகிறது. வீட்டு விசேஷங்களிலும் தெருவிலும் நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் இதில் எடுத்தவைதான்.

மாட்டுவது எளிது என்றுதான் நினைத்தேன். இது எம்42 என்ற திருகு மரை: 42 மிமீ விட்டம், மரைக்கு மரை 1 மிமீ இடைவெளி. இந்த லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மிமீ தள்ளி இருக்க வேண்டும். சோனியில் அந்த தூரம் 18 மிமீதான். மீதி 27 மிமீ சொச்சத்தை இரண்டுக்கும் நடுவில் மாட்டும் அடாப்டர் நிரப்புகிறது, உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது இதனால்தான். நிகானின் பழைய எஃப் மவுன்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) இந்த தூரம் 46.5 மிமீ. அதில் எம்42 லென்ஸை வெறும் அடாப்டரோடு போட்டால் தொலைவில் இருப்பது தெளியாது.

நான் முதலில் வாங்கிய மலிவு அடாப்டரும் அதே வேலையைக் காட்டியது. மயிலாப்பூர் கோபுரத்தை குளத்தின் எதிர்க்கரையிலிருந்து எடுத்தால் பொம்மைகள் எல்லாம் கரைந்து நின்றன. லென்ஸில்தான் கோளாறு என்று ஒரு மாதம் வருந்தினேன். அடாப்டர் ஒரு மயிரிழை தடிமனாக இருந்ததுதான் காரணம். வேறொன்று மாற்றியதும் பொம்மைகளின் விரல்கள்கூடத் தெரிந்தன.

இன்னொரு விஷயம். லென்ஸின் பக்கவாட்டில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அது ஆட்டோவில் இருந்தால் அடாப்டரைப் பொறுத்து, நீங்கள் எஃப் 8 (எண் கூடினால் ஒளித் துவாரம் சிறிதாகும்) வைத்தாலும் துவாரத்தின் இதழ்கள் மூடாமல் எஃப் 1.4-லேயே திறந்து நிற்கும். அதை மேனுவலில் தள்ளிவிடுங்கள். இந்தப் பழைய லென்ஸைக் கேமரா அறியாது, அதனால் கேமராவிலும் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதி கொடுத்து, நடுக்கத் தடுப்புக்கு 50 மிமீ என்று கையால் பதிந்துவிடுங்கள்.

சரி, ஃபோகஸுக்கு வருவோம். இதில் அதைக் கையால்தான் செய்ய வேண்டும். விளிம்புகளில் நிறக்கோடு காட்டும் பீக்கிங் வசதியை எல்லோரும் புகழ்வார்கள். எஃப் 4-க்கு மேல் அது போதும். எஃப் 1.4-இல் அதை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே மூன்று சென்டிமீட்டர்தான். புருவம் சிவப்பாக மின்னும், கண் மங்கியிருக்கும். முதல் வருடம் எடுத்த முகங்களில் பெரும்பாலானவை எனக்கு அப்படித்தான் போயின. இப்போது பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பட்டனில் வைத்திருக்கிறேன்.

அத்தை திண்ணையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். அவர் கை நிற்காது. நாரை இழுக்கும்போது மட்டும் ஒரு கணம் விரல்கள் இறுகி நிற்கும். வளையத்தை அந்த தூரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நான் லேசாக முன்னும் பின்னும் சாய்ந்து, நார் தெளிந்த நொடியில் அழுத்தினேன். முடிச்சு விழும் இடம் ஊசி முனை மாதிரி நிற்கிறது. மடியில் இருக்கும் பூக்குவியல் வெறும் வெள்ளைப் புகை. ஆட்டோஃபோகஸ் லென்ஸில் அன்று எடுத்தவற்றில் கூர்மை விழுந்தது அவர் வளையலில்.

ஓடும் குழந்தைகளுக்கு இது சரிவராது. தெருவில் மட்டும் ஒரு வழி உண்டு: எஃப் 8, மூன்று மீட்டர் என்று வைத்துவிட்டால் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் வரை தெளிவாக வரும். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம்.

இந்த லென்ஸின் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. ஒளியை அதிகமாக வளைக்க அன்று அப்படிச் செய்தார்கள். அதன் கதிர்வீச்சால் காலப்போக்கில் கண்ணாடி தேயிலை நிறமாகிவிடும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. லென்ஸின் உடம்பை அலுமினியத் தாளால் சுற்றி, பின் கண்ணாடி மேலே தெரியும்படி காலை வெயில் படும் ஜன்னலில் சில வாரம் வைத்தேன். பெருமளவு தெளிந்தது. அடியிலும் தாள் போடுங்கள், வெயில் குவிந்து தீப்பிடிக்கக்கூடும். லென்ஸை உடைத்து அந்தக் கண்ணாடியைத் தேய்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சென்னையில் தோரியத்தைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. ஒரு ஐப்பசி மழையில் லென்ஸை அதன் தோல் உறையிலேயே விட்டுவிட்டேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் முன் கண்ணாடியின் உட்புறம் சிலந்தி வலை. சுத்தம் செய்தும் ஓரத்தில் ஒரு கீற்று தங்கிவிட்டது, எதிர்வெளிச்சத்தில் இன்றும் தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பா ஞாபகம் வந்து மனது வலிக்கும். இப்போது காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஈரப்பதமானி. 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கப்போனால் இதழ்களை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்னால் சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் நூலாக ஏதாவது தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.