வாட்ச்கீப்பர் ட்ரோன்: நூறு கோடி பவுண்டுக்கு என்ன கிடைத்தது?

பிரிட்டன் ராணுவம் 2005-ல் தேல்ஸ் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்த வாட்ச்கீப்பர் உளவு ட்ரோனைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ. நான் அதை ஓட்டியவன் இல்லை, விபத்து விசாரணை அறிக்கைகளை உட்கார்ந்து படிக்கிற ரகம். 54 விமானங்கள், செலவு போகப் போக நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. 2010-ல் கைக்கு வந்திருக்க வேண்டியது, வந்திருந்தால் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் போர்முனையில் நன்றாகவே உதவியிருக்கும். ஆனால் ராணுவம் பறக்கவிட அனுமதி கிடைத்ததே 2014 மார்ச்சில்தான். அப்புறம் சிலவற்றை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள், அக்டோபரில் அங்கிருந்த பிரிட்டன் முகாமான கேம்ப் பாஸ்டியனையே காலி செய்துவிட்டார்கள். வாங்கியதே வெளிநாட்டுப் போர்க்களத்துக்கு, அங்கே இருந்தது சில வாரம்!

அதுவரை கண்ணாக இருந்தது எது என்றால், இதற்கு மூலமான இஸ்ரேலின் எல்பிட் தயாரிப்பு ஹெர்மஸ் 450. வாட்ச்கீப்பர் வந்து சேரும்வரை சமாளிக்கலாம் என்று 2007-ல் வாடகைக்கு எடுத்தது, வாடகைக் கார் மாதிரி பறந்த மணிக்குத்தான் காசு. அதிலும் சில விழுந்து நொறுங்கின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஈராக், ஆப்கானிஸ்தானில் 50,000 மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறது. தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவந்ததுதான் போர் முழுக்க உழைத்தது.

சரி, வாட்ச்கீப்பரில் என்னதான் கோளாறு? தானே ஏறித் தானே இறங்கும் என்பதுதான் இதன் பெருமை, கோளாறும் அங்கேயேதான். 2014 அக்டோபரில் வேல்ஸின் ஆபர்போர்த்தில் இறங்க வந்த ஒன்று, இன்னும் காற்றில் இருக்கும்போதே சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது என்று நினைத்து மூக்கைக் கீழே குத்தி ஓடுபாதையில் மோதியது. பாதுகாப்புக்கு இருந்த தடுப்புகளை மீறும் 'மாஸ்டர் ஓவர்ரைடு' வசதியை அதை இயக்கியவர்கள் போட்டு வைத்திருந்தார்கள். 2018 ஜூனில் அதே இடத்தில் நேர் எதிர்: தரையைத் தொட்டது, ஆனால் தொட்டதே அதற்குத் தெரியவில்லை. சரி, மறுபடி மேலே போகலாம் என்று அதுவாகவே கிளம்பிவிட்டது. புல்வெளியில் ஓடிப்போகிறது என்று நினைத்து அதை இயக்கியவர்கள் இன்ஜினை அணைக்க, மிதந்துபோய் மரத்தில் மோதியது. காற்றில் இருக்கிறோமா தரையில் இருக்கிறோமா என்பதுகூடத் தெரியாத விமானத்துக்கு 'தானியங்கி' என்று பெயர். 2017-ல் இரண்டு வேல்ஸ் கரையோரக் கார்டிகன் விரிகுடாவில் விழுந்தன, வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் ஐஸ் அடைத்ததால். பிரிட்டன் வானத்தில் ஐஸ் இருக்கும் என்பது என்ன ராணுவ ரகசியமா?

அதே ஆப்கானிஸ்தானில் 2013-லேயே பிளாக் ஹார்னெட் வந்துவிட்டது. நார்வே தயாரிப்பு, வெறும் 16 கிராம், உள்ளங்கையில் அடங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று சிப்பாயே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 160 செட்டுக்கு 2 கோடி பவுண்டு, ஒரு செட் சுமார் 1,25,000 பவுண்டு. விலை அநியாயம்தான், ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் கையில் இருந்தது.

வாடகை நம் பக்கத்திலும் உண்டு. இந்தியக் கடற்படை 2020-ல் இரண்டு சீ கார்டியன் ட்ரோன்களைக் குத்தகைக்கு எடுத்து அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து பறக்கவிட்டது. 2024 செப்டம்பரில் ஒன்று சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது, குத்தகை என்பதால் அதற்கு மாற்று தர வேண்டியது கம்பெனியின் பாடு. சொந்தமாக வாங்கிய வாட்ச்கீப்பர் விழுந்தபோதெல்லாம் நஷ்டம் வரி கட்டியவன் தலையில்தான்.

2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஜான் ஹீலி வாட்ச்கீப்பருக்கு ஓய்வு அறிவித்தார், அப்போது மிச்சம் 46. ஹெர்மஸ் வாடகைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு, ஹார்னெட்டுக்கு மூன்றரை, வாட்ச்கீப்பருக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் மேகம் மூடியிருந்தாலும் தரையில் ஓடும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் ஐ-மாஸ்டர் ரேடாருக்காக. இதே குடும்பத்து வாட்ச்கீப்பர் எக்ஸை எல்பிட்டிடம் வாங்க ருமேனியா 2022-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அங்கே கார்பேத்தியன் மலைக் குளிர் லேசுப்பட்டது இல்லை, அவர்கள் முதலில் அந்த பிட்டோ குழாயைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நம்புவோம்.