மீன்தொட்டிச் செடி மிதக்காமல் நிற்க: சில வருடப் பயன்பாட்டில் தேறியவை

மூன்றடித் தொட்டி, அடியில் 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டைச் சரளை, உள்ளே கப்பி, நியான் டெட்ரா, அடியில் மேயும் சிறு கெளுத்தியான கோரிடோரஸ் கொஞ்சம். சில வருடங்களாக ஓடுகிறது. செடிகளை மண்ணில் பிடித்து வைக்க வாங்கிய சாமான்களில் எது உழைக்கிறது, எது சும்மா என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

செடி மிதக்காமல் இருக்க எடைக்காகச் சுற்றும் ஈயப் பட்டையிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் மீன்கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் தண்டுச்செடி வாங்கினால் பல தண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஸ்பாஞ்ச் சுற்றி, பட்டையை இறுக்கிக் கொடுப்பார்கள். கடைத்தொட்டியில் நிற்க அது போதும். வீட்டில் அப்படியே புதைத்தால் கட்டுக்குள் தண்ணீர் ஓடாது. நசுங்கிய இடத்தில் தண்டு கறுத்து வழவழவென்று அழுகும். பட்டை அடியில் கிடக்கும், செடி மேலே மிதக்கும். அதனால் வந்ததும் பிரித்துவிடுவேன். பட்டையை இரண்டு மூன்று தண்டுக்கு ஒரு சுற்று, இழுத்தால் நழுவும் அளவுக்குத் தளர்வாகப் போட்டால் நன்றாகவே வேலை செய்கிறது. வேர் பிடித்ததும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மென்மையான, அமிலத் தன்மையுள்ள தண்ணீரில் ஈயம் கரையும் என்பதால் அப்படிப்பட்ட தண்ணீரில் இறால் வளர்ப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஈயத்துக்குப் பதிலாக எடைக்குத் தண்டில் மாட்டும் பீங்கான் வளையத்தில் அந்தக் கவலை இல்லை. ஆனால் வேர் துளைக்குள் புகுந்து பின்னிக்கொண்டால் செடியை இடம் மாற்றும்போது வேரை அறுக்காமல் எடுக்க முடியாது. மறுபடி வாங்க மாட்டேன்.

கொடுத்த காசுக்கு முழுசாக உழைப்பது நீளமான ஸ்டீல் இடுக்கிதான். நீர்ச்செடியின் தண்டுக்குள் காற்றறைகள் இருப்பதால் அது மேலே வரத்தான் பார்க்கும். விரலால் நட்டால் விரல் போன குழி அகலமாகி, கையை எடுக்கும்போதே செடியும் கூட வந்துவிடும். கீழ் இரண்டு மூன்று கணுக்களின் இலையைக் கிள்ளி, காம்பில் கொஞ்சம் மிச்சம் விடுங்கள். அது சரளையில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். வேரும் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். தண்டின் அடி நுனியை இடுக்கியோடு ஒரே கோட்டில் பிடித்து, சாய்வாக உள்ளே செருகி, இடுக்கியின் முனையை லேசாகத் திறந்து, மெல்ல ஆட்டிக்கொண்டே உருவ வேண்டும். சரளை தானே சரிந்து மூடும். நடும்போது தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் போதும். அப்புறம் தட்டு ஒன்றை வைத்து அதன் மேல் ஊற்றி நிரப்பலாம்.

சரளை முன்னால் 4 சென்டிமீட்டர், பின்னால் 7 இருந்தால் தாராளம். நாடா மாதிரி நீள இலை விடும் வாலிஸ்நேரியாவுக்கு வேரை 3, 4 சென்டிமீட்டருக்கு நறுக்கி, கொஞ்சம் ஆழமாக நட்டு, பிறகு குருத்து வெளியே தெரியும்வரை மேலே இழுத்து விடுவேன். குருத்து புதைந்தால் அழுகல்தான். இலங்கைச் செடியான கிரிப்டோகொரைன் வெண்டியி நட்ட சில நாளில் இலையெல்லாம் கூழாகிக் கொட்டும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், துளிர் வரும்.

அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் நடவே கூடாது. கிழங்கு போன்ற அந்தத் தண்டு புதைந்தால் அழுகும். ஜெல் வகை சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைத்துக் கல்லில் ஒட்டி, கல்லைச் சரளையில் பாதி அமுக்கிவிட்டால் நட்ட மாதிரியே தெரியும். வெள்ளையாகத் தெரியும் பசை மேல் பாசி படிந்து மறைந்துவிடும். ஹார்ன்வார்ட்டுக்கு வேரே கிடையாது, மிதக்க விட்டுவிடுங்கள்.

கோரிடோரஸ் புதுச் செடியைச் சுற்றி முகர்ந்து முகர்ந்தே கிளப்பிவிடும். வேர் பிடிக்கும் முதல் இரண்டு மூன்று வாரம் அடியைச் சுற்றிக் கூழாங்கல் நாலைந்து அடுக்கினால் அடங்கிவிடும், அந்தப் பக்கம் அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாயையும் விடாதீர்கள். கோல்ட்ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் செல்லாது. அது தோண்டுவதோடு நிற்காது, இலையையும் தின்னும். அங்கே கல்லில் ஒட்டிய அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரிச் செடிதான் தாங்கும்.