குரக்கன் புட்டு மா: முதலாம் வகைக்காரி ஒருத்தியின் கணக்கு

எனக்கு முதலாம் வகை நீரிழிவு. 11 வயதிலிருந்து இன்சுலின். சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலின், இரவில் நீண்ட நேரம் நின்று வேலை செய்யும் இன்னொன்று. குளிசை எதுவும் இல்லை. இவ்வளவையும் சொல்லாமல் இந்தக் குரக்கன் (கேழ்வரகு) மாவைப் பற்றி நான் என்ன இலக்கம் எழுதினாலும் உங்களுக்குப் பிரயோசனமில்லை.

மா வாங்கியது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடையில். இணையத்திலும் விற்கிறார்கள், நகரத்துக்குள் என்றால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அவர்களிடம் மட்டும் இருக்கிற குறையில்லை. 400 கிராம் பக்கெற். கோதுமை மாவோடு பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் விலை. குரக்கனுக்கு அது சரிதான்.

சாப்பாடாகப் பார்த்தால் நல்ல மா. அளவாக வறுத்திருக்கிறார்கள், கருகல் மணம் இல்லை. மண் கடிபடவில்லை, அதுதான் பெரிய விஷயம். குரக்கனைக் கழுவிக் காயவைத்துத் திரித்த வீட்டுக்காரருக்கு அதன் அருமை தெரியும். கொதிநீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, உப்புச் சேர்த்துக் குழைத்து, சுண்டால் கொத்தினால் பொலபொலவென்று வருகிறது. தண்ணீர் ஒரு கரண்டி கூடினாலும் களியாகிவிடும், கவனம். நான் பனையோலை நீத்துப்பெட்டியில்தான் அவித்தேன். தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிடச் சோக்கான புட்டு. மாமிக்குப் பனங்கட்டி கடித்துக்கொண்டு சாப்பிட ஆசை. பனங்கட்டி ஒன்றும் செய்யாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரத்தத்தில் சீனி பார்க்கும் மீற்றர் அதை நம்புவதில்லை, பனங்கட்டியும் அதற்குச் சீனிதான்.

இனி பக்கெற்றில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'நீரிழிவு நோயாளர்களுக்கு உகந்தது'. பின்பக்கம் பொடி எழுத்தில் 'குரக்கன் மா, பச்சையரிசி மா'. எது எத்தனை வீதம் என்று இல்லை. 100 கிராம் குரக்கன் மாவில் மாச்சத்து மட்டும் 70 கிராம் அளவில் இருக்கும். அரிசி மாவில் 80க்குக் கிட்ட. வித்தியாசம் அவ்வளவுதான். குரக்கனின் பெருமை நார்ச்சத்திலும் கல்சியத்திலும் இருக்கிறது. மாச்சத்து இல்லாத சாப்பாடு என்று நினைத்துக் கோப்பை நிறையப் போட்டுச் சாப்பிடுகிற சனத்துக்கு இதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

நான் சாப்பிட்டது 60 கிராம் மாவில் அவித்த புட்டு. 45 கிராம் மாச்சத்து என்று கணக்குப் போட்டு ஊசி போட்டேன். எத்தனை அலகு என்று எழுத மாட்டேன், அதைப் பார்த்து யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. சாப்பிட முன் இரத்தத்தில் சீனி 112 (mg/dL). இரண்டு மணித்தியாலத்தில் 138. ஆகா என்று சந்தோஷப்படலாம். நான்கு மணித்தியாலத்தில் 226! நாரும் தேங்காய்ப்பூவின் கொழுப்பும் சமிபாட்டை இழுத்தடிக்கின்றன. ஊசி ஓய்கிற நேரத்தில் சீனி ஏறுகிறது. இரண்டு மணித்தியாலத்தோடு நான் மீற்றரை மூடி வைத்திருந்தால் நானும் 'ஏறவே இல்லை' என்று எழுதியிருப்பேன்.

மாமிக்கு இரண்டாம் வகை, மெற்போமின் குளிசை மட்டும். அதே சட்டி, அதே புட்டு. சாப்பிட முன் 134, இரண்டு மணித்தியாலத்தில் 168. அரிசிமாப் புட்டென்றால் அவருக்கு 200 தாண்டும். "எனக்கு இது பொருந்துது பிள்ளை" என்றார். உண்மைதான். சாப்பிட்ட பிறகு 180க்குள் நின்றால் அவருக்குப் போதும். ஆனால் கர்ப்பகால நீரிழிவு உள்ள ஒரு பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்தில் 120க்குள் நிற்க வேண்டும். மாமி சந்தோஷப்பட்ட அந்த 168ஐப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் டொக்டர் முகம் சுளிப்பார்.

இணையத்தில் இந்த மாவுக்குக் கீழே சனம் எழுதியிருப்பவற்றை வாசித்தேன். 'நானும் சீனி வருத்தக்காரன், அருமையான மா' என்று பலர். என்ன வகை, என்ன மருந்து என்று சொன்னவர் மிகக் குறைவு. ஊசி போடுகிறேன் என்றால் மட்டும் விளங்காது, இரண்டாம் வகைக்காரரிலும் எத்தனையோ பேர் ஊசி போடுகிறார்கள். முதலாம் வகை சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதும் இல்லை, நாற்பதிலும் வரும். இன்சுலினைக் கூடச் சுரக்கவைக்கிற கிளிக்கிளசைட் குளிசை எடுக்கிற ஒருவர் இந்தப் புட்டை நம்பி இரவில் அரைவாசிச் சாப்பாட்டோடு படுத்தால், சாமத்தில் சீனி இறங்கி வியர்த்து நடுங்கக்கூடும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை.

எல்லாவற்றிலும் மோசம் ஒருவர் எழுதியிருந்தது: 'இதைச் சாப்பிடத் தொடங்கி ஊசியையே விட்டுவிட்டேன்.' அவருக்கு எந்த வகையென்று இல்லை. இரண்டாம் வகையாக இருந்து, நிறை குறைந்து, டொக்டரும் பார்த்து நிறுத்தியிருந்தால் நல்லது. அதையே முதலாம் வகைப் பிள்ளையின் தாய் ஒருத்தி வாசித்தால்? எங்கள் உடம்பில் இன்சுலின் சுரக்கும் கலங்களை உடம்பே அழித்துவிட்டது. ஊசியை விட்டால் இரத்தத்தில் அமிலம் ஏறும். சத்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. 1922 ஜனவரியில்தான் முதல் இன்சுலின் ஊசியை ஒரு 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள், எங்கள் சனம் நிறையக் குடியிருக்கிற அதே டொரண்டோவில். அதற்கு முன் முதலாம் வகைப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவுதான் வைத்தியம். குரக்கன் அப்போதும் இருந்தது.

அவருக்குக் கீழே நான் கேட்டு எழுதினேன்: 'அண்ணை, உங்களுக்கு எந்த வகை? ஊசியை டொக்டர் நிறுத்தினவரோ?' பதில் இன்னும் இல்லை. வேறொரு அக்கா பதில் போட்டார்: இரண்டாம் வகை, மெற்போமின், பின்னேரத்தில் முக்கால் மணித்தியாலம் நடை, புட்டு ஒரு சின்னக் கோப்பை. அந்த ஒரு வரியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன், மாமிக்கு அது அப்படியே பொருந்தும். எனக்குப் பொருந்தாது என்பதும் அதிலேயே தெரிகிறது.

கடைக்காரத் தம்பியிடமும் கேட்டேன், அரிசி மா எத்தனை வீதம் என்று. "கொஞ்சம்தான் அக்கா, பதத்துக்கு." அந்தக் கொஞ்சத்தை பக்கெற்றில் அச்சடித்தால் என் போன்றவர்களுக்குக் கணக்குப் போட வசதி.

ருசிக்கும் சுத்தத்துக்கும் ஐந்துக்கு நான்கு. பக்கெற்றில் எழுதியிருப்பதற்கு ஒன்று. மாமிக்காகத் திரும்ப வாங்குவேன். நான் சாப்பிடும் நாளில் ஊசியை எப்படிப் பிரித்துப் போடலாம் என்று அடுத்த கிளினிக்கில் கேட்க இருக்கிறேன். திறந்த பக்கெற்றை இறுக மூடி வையுங்கள், மாரியில் கெதியாக வண்டு பிடிக்கிறது.