துணை விமானிக்கு எத்தனை மதிப்பெண்? நோடெக்ஸும் இ.பி.டி.யும்

2020 ஆகஸ்ட் 7. மழையில் கோழிக்கோடு விமான நிலையத்தில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 ஓடுபாதையைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை சொன்ன காரணத்துக்கு இரண்டு பாதி உண்டு. துணை விமானி 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே எழும்பு, என்று சொல்லியும் கேப்டன் மேலே எழும்பவில்லை, பாதி ஓடுபாதை கழிந்த பிறகு தரையிறக்கினார். துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கி விமானத்தை எழுப்பவில்லை.

இதே மாதிரி ஒரு நிலைமை சிமுலேட்டரில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் துணை விமானிக்கு என்ன மதிப்பெண் போடுவார்? அவர் வாயைத் திறந்தார், சரியான சொல்லைத்தான் சொன்னார். ஆனால் விமானம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

குழுவாக வேலை செய்யும் திறனை, அதாவது சி.ஆர்.எம்.மை, அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 1981-லேயே விமானிகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்து அளக்கப் பயிற்றுநர்களைத் தயார்செய்வதுதான் இன்னமும் கஷ்டமான வேலை. இதற்கு இன்று இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன.

முதலாவது நோடெக்ஸ் (NOTECHS), விமானியின் தொழில்நுட்பம் சாராத திறன்களை அளக்கும் முறை. 1990-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கியது. ஒத்துழைப்பு, தலைமை, நிலைமை உணர்வு, முடிவெடுத்தல் என்று நான்கே வகை, அவற்றுக்குள் 15 கூறுகள். 'தகவல் தொடர்பு' என்று தனி வகை கிடையாது, வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். பேச்சு எல்லா வகைக்குள்ளும் ஓடுகிறது என்பது அவர்கள் வாதம்.

பயிற்றுநரின் கையைக் கட்டும் விதிகளும் இதில் உண்டு. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும்தான் எழுதலாம், 'ஆள் கொஞ்சம் திமிர்' என்று எழுதக் கூடாது. விமானத்தின் பாதுகாப்பைத் தொடும் விளைவு இருந்தால்தான் தோல்வி. ஒரு தடவை நடந்ததை வைத்துக் குறை என்று முடிவுகட்டக் கூடாது. போட்ட மதிப்பெண்ணுக்குக் காரணமும் சொல்ல வேண்டும். 14 விமான நிறுவனங்களைச் சேர்ந்த 105 பயிற்றுநர்களிடம் படமெடுத்த காட்சிகளைக் காட்டி இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது இ.பி.டி. (EBT), அதாவது சான்றுகளின் அடிப்படையிலான பயிற்சி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013-இல் இதற்கான கையேட்டை வெளியிட்டது. கையால் ஓட்டுவது, தானியங்கியைக் கையாள்வது போன்ற தொழில்நுட்பத் திறன்களும் குழுத் திறன்களும் இங்கே ஒரே தாளில், அந்தக் கையேட்டில் மொத்தம் எட்டு. ஐரோப்பிய விதியில் அறிவையும் சேர்த்து ஒன்பது. தகவல் தொடர்புக்குத் தனி இடம் உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் கவனிக்கத்தக்க நடத்தைகளின் பட்டியல் இருக்கும். அவற்றில் எத்தனை தெரிந்தன, எவ்வளவு அடிக்கடி தெரிந்தன, விளைவு என்ன ஆயிற்று என்று பார்த்து 1 முதல் 5 வரை போட வேண்டும்.

சரி, நம் துணை விமானிக்கு வருவோம். நோடெக்ஸ் தாளில் 'சொன்னார்' என்பதற்கு மட்டும் மதிப்பெண் வாங்க இடமே இல்லை. 'அதிகாரமும் உறுதியும்' என்ற கூறுக்குத்தான் பயிற்றுநர் போக வேண்டும். அங்கே, அவர் சொன்னது எடுபடாதபோது அடுத்து என்ன செய்தார் என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். இ.பி.டி. தாளில் புதுப் பயிற்றுநர் ஒருவர் தகவல் தொடர்புக்கு 3 போட்டுவிட்டு, தலைமைக்கு 2 போட்டு, நகர்ந்துவிட வாய்ப்பு அதிகம். விளைவையும் பார்க்கச் சொல்லி விதி இருக்கிறதுதான். ஆனால் இருட்டில், இரண்டு பேரையும் கவனித்து, சிமுலேட்டரையும் இயக்கிக்கொண்டிருப்பவருக்கு நீளமான பட்டியல் ஒரு சுமை.

அதனால் பயிற்றுநர் முதன்முதலாக அளக்கக் கற்றுக்கொள்ள நோடெக்ஸ்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதன் விதிகள் விமானிக்கும் ஒரு காப்பு. பயிற்றுநருக்குப் பிடிக்காத சுபாவம் என்பதற்காக யாருடைய வேலையும் ஆட்டங்காணக் கூடாது.

சொல்லித்தருவதில் கதை மாறுகிறது. இங்கே இ.பி.டி. முந்திக்கொள்கிறது. தரையிறங்க நெருங்கும்போது விமானம் நிலைகுலைந்தது கை ஓட்டத்தின் குறையாலா, வேலைப்பளுவைப் பகிராததாலா என்று வேரைத் தேட அந்த ஒரே தாள் உதவுகிறது. நோடெக்ஸ் குழுத் திறனைத் தனியே பிரித்துவிடுவதால் இந்த இணைப்பு பயிற்றுநரின் நினைவை நம்பியே நிற்கும். அப்புறம், ஒரே காட்சிக்குப் பயிற்றுநர்கள் ஒத்த மதிப்பெண் போடுகிறார்களா என்று தொடர்ந்து சரிபார்ப்பதை ஐரோப்பிய இ.பி.டி. விதி கட்டாயமாக்கியிருக்கிறது. நோடெக்ஸ் பயன்படுத்தும் நிறுவனங்களும் இதை இரவல் வாங்க வேண்டும்.

பணமும் நேரமும் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு நான் சொல்வது இது: நோடெக்ஸின் விதிகளை வைத்து முதலில் காட்சிகளைப் போட்டு மதிப்பெண் போடப் பழக்குங்கள். இரண்டு பயிற்றுநர்கள் ஒரே துணை விமானிக்கு 2-உம் 4-உம் போட்டால், அந்த இருவரையும் உட்காரவைத்து, எந்த வினாடியில் என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் 'கோ அரவுண்ட்' என்ற குரலைக் குறித்திருப்பார், மற்றவர் அசையாமல் இருந்த கையைக் குறித்திருப்பார்.