சிவாஜி பார்க் புத்தகக் கடைகள்: டிசம்பர் 6-க்கு முந்தைய நாளே போய்விடுங்கள்

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் டியூஷன் எடுக்கிறேன். சமூகச் சீர்திருத்தவாதிகள் பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு ராஜாராம் மோகன் ராயும் ஒன்றுதான், ஜோதிபா பூலேயும் ஒன்றுதான். பெயரையும் வருடத்தையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பாடத்தை உருப்படியாக நடத்தப் புத்தகம் வேண்டுமென்றால், மும்பையில் நான் கைகாட்டும் இடம் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி தாதர் சிவாஜி பார்க்கில் போடுகிற கடைகள்தான்.

1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமான அம்பேத்கரை தாதர் கடற்கரையில்தான் தகனம் செய்தார்கள். அந்த இடம் இன்று சைத்திய பூமி. வருடாவருடம் லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. விதர்பா, மராத்வாடா பக்கமிருந்து ரயிலேறி வருகிற குடும்பங்கள் ஊர் திரும்பும்போது பை நிறையப் புத்தகம் இருக்கும். பட்டம் வாங்கிய மகன் பட்டியலைப் படிக்க, அம்மா முந்தானையிலிருந்து காசை எடுத்துக் கொடுப்பதை அங்கே பார்க்கலாம்.

கடைக்காரர்களுக்கு விற்பது என்னவென்று தெரியும். அதுதான் இந்த இடத்தின் சிறப்பு. "சமாஜ் சுதாரக் புத்தகம் வேணும், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "எந்தச் சீர்திருத்தம் தாயி? வீட்டுக்குள்ளேயா, ஊருக்கா?" என்றார். மேசையின் ஒரு பக்கம் அகர்கர். 1888-இல் 'சுதாரக்' (சீர்திருத்தவாதி) என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்து, குழந்தை மணத்துக்கும் விதவைகளின் தலையை மழிப்பதற்கும் எதிராக எழுதியவர். மறு பக்கம் 1873-இல் சாதிக்கு எதிராகச் சத்யசோதக் சமாஜத்தை (உண்மை தேடுவோர் சங்கம்) தொடங்கிய பூலே. நடுவில் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. 1936-இல் லாகூரில் பேசக் கூப்பிட்டவர்கள் உரையைப் படித்துப் பார்த்துப் பின்வாங்க, அவரே அச்சிட்டு வெளியிட்டது. இந்துக் குடும்பத்தைச் சீர்திருத்துவது வேறு, சமூகத்தையே மாற்றிக் கட்டுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுவது அதில்தான். பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் மேசையை அப்படிப் பிரித்தது எனக்கு முழுசாக ஒப்பவில்லை. கர்ப்பிணி விதவைகளுக்கு இல்லம் நடத்தியவர் பூலே. 1848-இல் புனேயில் அவரும் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். ஊரை மாற்ற வந்தவர்கள் வீட்டை விட்டுவைக்கவில்லை. இதைச் சொன்னதும் பெரியவர் மறுக்காமல் சாவித்திரிபாய் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அடுத்த வாரம் அதை வைத்துத்தான் பாடம் எடுத்தேன். ராயும் பூலேயும் எதை மாற்றப் பார்த்தார்கள் என்று பிள்ளைகளே எனக்குப் பிரித்துச் சொன்னார்கள்.

மெல்லிய புத்தகங்கள் மலிவு, சில்லறை கொண்டு போங்கள். தாதர் மேற்கில் இறங்கி ரானடே ரோடு வழியாக நடந்துவிடலாம். சாப்பாடும் தண்ணீரும் தொண்டர்கள் இலவசமாகவே தருகிறார்கள். 6-ஆம் தேதி கூட்டத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியாது. 5-ஆம் தேதி காலை நல்லது.

மராத்தி நிறைய, இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு. நான் பார்த்த கடைகளில் தமிழ் இல்லை, அது எனக்கு நிஜமாகவே வருத்தம். 'சாதி ஒழிப்பு' உரையைத் தமிழில் தன் 'குடி அரசு' இதழில் கொண்டுவந்தவர் பெரியார். 1907-இல் பத்திரிகை தொடங்கிய தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் எழுத்துகள் தொகுப்புகளாகவே கிடைக்கின்றன. சென்னைப் பதிப்பகத்தார் யாராவது ஒரு மேசை போட்டால் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் நாங்கள் வருவோம். மராத்தியில் பேசி விற்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.