வெனிஸில் புரோசெக்கோ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நான்கு கிளாஸ் வைனுக்கு 72 யூரோ. மேசையில் உட்கார்ந்ததற்குத் தலைக்கு 4 யூரோ வீதம் இன்னொரு 16. ஆக 88 யூரோ. ரியால்தோ பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கால்வாய் ஓரமாக மேசை போட்டிருக்கும் ஒரு கடையில் எங்களுக்கு வந்த பில் இது. கடைப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் போய் உட்காருவீர்கள். அங்கே வேறு மாதிரி நடக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை.

நான் மிலானில் வேலை பார்க்கிறேன். மச்சினனும் அவன் மனைவியும் கோவையிலிருந்து வந்திருந்தார்கள், வெனிஸ் காட்டக் கூட்டிப்போனோம். வாசல் பலகையில் ‘புரோசெக்கோ, கிளாஸ் 6 யூரோ’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. புரோசெக்கோ என்பது இந்தப் பக்கத்து நுரைக்கும் வைன். அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் வந்தார். “சாதா எதற்கு? கார்த்திட்சே இருக்கிறது, இந்தப் பக்கத்திலேயே அதுதான் உசத்தி” என்றார். விலை என்ன என்று கேட்டேன். “கொஞ்சம்தான் கூட” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், நான்கு கிளாஸையும் ஊற்றியே தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

கார்த்திட்சே என்பது சும்மா வைக்கிற பெயர் இல்லை. வெனிஸுக்கு வடக்கே வால்தொப்பியாதெனே என்ற ஊரை ஒட்டிய செங்குத்தான மலைச்சரிவு அது. மொத்தமே ஏறத்தாழ 107 ஹெக்டேர்தான். புரோசெக்கோ விளைகிற இடங்களில் அதிக மதிப்புள்ள துண்டு நிலம் அதுதான் என்பார்கள். அந்த வைனை வழக்கமாகக் கொஞ்சம் இனிப்பாகத்தான் தயாரிக்கிறார்கள். எங்கள் கிளாஸில் இருந்ததோ வெறும் புளிப்பு. நுரை மேசைக்கு வருவதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

“மாமா, இது நேத்து திறந்து வச்ச சோடா மாதிரி இருக்கு” என்றான் மச்சினன்.

கை கழுவ உள்ளே போனபோதுதான் கவுன்ட்டரில் பீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் இன்னொரு குழாயைப் பார்த்தேன். அடுத்த மேசைக்கான கிளாஸ்களை அதிலிருந்துதான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் குழாயில் வைன் விற்பது குற்றமில்லை. மலிவான, லேசாக நுரைக்கிற வெள்ளை வைனை அப்படி விற்கிற கடைகள் நிறைய உண்டு, வெயிலுக்கு நன்றாகவும் இருக்கும். ஆனால் அதைப் புரோசெக்கோ என்று சொல்லி விற்கக் கூடாது. 2009-இல் புரோசெக்கோ என்பதை ஊர்ப் பெயராகச் சட்டப்படி பாதுகாத்தார்கள். அதுவரை புரோசெக்கோ என்றே அழைத்த திராட்சைக்கு அதற்குப் பிறகு பெயர் கிளேரா. புரோசெக்கோ என்ற பெயர், வெனெத்தோ, ஃபிரியூலி என்ற இரண்டு மாநிலங்களில் வரையறுத்த பகுதிகளில் விளைந்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து வருவதற்கு மட்டும். அதாவது குழாயில் வந்த நொடியிலேயே அது புரோசெக்கோ இல்லை. கார்த்திட்சே என்பதற்கு வாய்ப்பே இல்லை.

பில் வந்ததும் பாட்டிலைக் காட்டச் சொன்னேன். காலியாகிவிட்டது, குப்பையில் போட்டாச்சு என்றார். 750 மில்லி பாட்டிலில் ஆறு கிளாஸ் வரும். எங்களுக்கு வந்தது நான்கு. மீதி இரண்டு கிளாஸ் எங்கே என்று கேட்டதும் அவருக்குத் திடீரென்று ஆங்கிலம் மறந்துபோனது. நான் இத்தாலிய மொழிக்கு மாறினேன். மேனேஜர் வந்தார். வாசல் பலகையையும் குழாயையும் காட்டி, 117-க்கு போன் செய்யப்போகிறேன் என்றேன். அது இத்தாலியின் நிதிக் காவல் படையான குவார்தியா தி ஃபினான்சாவின் எண். கடைக்காரர்களுக்குப் பிடிக்காத எண்ணும்கூட. இரண்டு நிமிடத்தில் பில் 40 ஆனது. கிளாஸுக்கு 6 வீதம் 24, உட்கார்ந்த கூலி 16. அந்தக் கூலி மெனுவின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது, அதனால் அதில் சண்டை போட வழியில்லை. 24-உம் நியாயமில்லைதான். மிலான் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கொடுத்துவிட்டு வந்தோம்.

இன்னொரு ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். நிஜமான கார்த்திட்சே முழு பாட்டில் கடையில் 20, 25 யூரோவுக்குக் கிடைக்கும். சாதாரணப் புரோசெக்கோ சூப்பர் மார்க்கெட்டில் 6, 7 யூரோ.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது, இது பரிசுப்பொருள் கடையில். மச்சினன் மனைவிக்கு ஊருக்கு ஒரு பாட்டில் எடுத்துப்போக ஆசை, இனிப்பு இல்லாததாக வேண்டும் என்றாள். கடைக்காரர் தங்க நிறப் பெட்டி ஒன்றை நீட்டினார். 29 யூரோ. பெட்டியில் பெரிதாக ‘மில்லேசிமாத்தோ’ என்றும் அதன் கீழே ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றும் போட்டிருந்தது. பெட்டியைப் பிரிக்க விடவில்லை, பரிசுப் பொதி கெட்டுவிடுமாம். நான் தடுப்பதற்குள் மச்சினன் கார்டைத் தேய்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து திறந்தால் லேபிளில் புரோசெக்கோ என்ற பெயரே இல்லை. ‘வீனோ ஸ்புமாந்தே’, அவ்வளவுதான். நுரைக்கும் வைன் என்று மட்டுமே அதற்குப் பொருள். எந்த ஊர்த் திராட்சை என்ற பேச்சே இல்லை. இந்த ரகம் சூப்பர் மார்க்கெட்டின் கீழ்த் தட்டில் 4 யூரோவுக்குக் கிடக்கும்.

மில்லேசிமாத்தோ என்றால் ஒரே வருடத்து அறுவடை என்று பொருள், அவ்வளவே. பல ஆண்டு பாட்டிலில் முதிர்கிற வைனுக்கு அந்தச் சொல்லில் அர்த்தம் உண்டு. புரோசெக்கோவைப் பெரும்பாலும் அறுவடை முடிந்து ஓரிரு ஆண்டுக்குள்ளேயே குடித்துவிடுகிறார்கள். அதில் இந்தச் சொல்லுக்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பது வீண்.

இனிப்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று பார்த்தால் இனிப்பே இருக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். நுரைக்கும் வைனில் கணக்கு வேறு. லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருந்தால் புரூட், 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா டிரை, 17 முதல் 32 வரை டிரை. டிரைதான் மூன்றிலும் அதிக இனிப்பு! இனிப்பு வேண்டாம் என்றால் புரூட் கேளுங்கள், அதைவிடக் கறாராக வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா புரூட். இனிப்புதான் பிடிக்கும் என்பவர்கள் புரோசெக்கோவை விட்டுவிட்டு, பியெமோந்தே பகுதியின் ஆஸ்தி அல்லது மொஸ்காத்தோ தாஸ்தி வாங்கலாம். ஆல்கஹாலும் குறைவு. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பாட்டிலுக்கு 30 யூரோ செலவழிக்கத் தயார் என்றால் புரோசெக்கோ பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. புரோசெக்கோவில் பெரும்பகுதிக்கு நுரை வருவது பெரிய எஃகுத் தொட்டியில். சீக்கிரம் முடிகிற வேலை, அதனால் மலிவு. அதில் தப்பில்லை, அந்தப் புத்துணர்ச்சிதான் அதன் அழகு. லொம்பார்தியா மாநிலத்தின் ஃபிராஞ்சாகோர்த்தா வைன் அப்படியில்லை. நுரையை உண்டாக்குகிற இரண்டாவது நொதிப்பு ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் நடக்கிறது, ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 18 மாதம் கிடக்க வேண்டும். திரெந்தோ வைனும் இதே முறைதான், அதற்குக் குறைந்தது 15 மாதம். லேபிளில் ‘மெத்தோதோ கிளாசிக்கோ’ என்று இருக்கும். அந்தக் காத்திருப்புக்கு 30 யூரோ கொடுக்கலாம். ‘இத்தாலிய ஷாம்பெயின்’ என்று எவராவது விற்றால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். ஷாம்பெயின் என்ற பெயர் பிரான்ஸின் அந்த ஒரு வட்டாரத்துக்கே சொந்தம்.

கடையில் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காமல் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். புரோசெக்கோ பாட்டிலாக இருந்தால் இத்தாலிய அரசு அச்சகத்தில் அடித்த, வரிசை எண் போட்ட காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். எங்கள் தங்கப் பெட்டிக்குள் இருந்த பாட்டிலில் அது இல்லை. உணவகத்தில் என்றால், ஊற்றுவதற்கு முன்பே “போஸ்ஸோ வெதேரே லா பொத்தீலியா?” என்று கேளுங்கள். பாட்டிலைப் பார்க்கலாமா என்று அர்த்தம். ஒழுங்கான கடைக்காரர் கோபப்பட மாட்டார், சந்தோஷமாக லேபிளைத் திருப்பிக் காட்டுவார். மழுப்பினால் எழுந்துவிடுங்கள். இன்னும் எதுவும் மேசைக்கு வரவில்லை என்பதால் பணமும் கொடுக்க வேண்டியதில்லை.